பின்னறையில் எழுதிய சக்திப் பாடம்

மொன்றியலின் வில்லரேப் பகுதியில், பன்னிரண்டு வயதிலிருந்து ஐந்து ஆண்டு படிக்கும் ஓர் இடைநிலைப் பாடசாலையின் இரண்டாம் மாடியில், இரண்டு ஆய்வுகூடங்களுக்கு நடுவில் ஒரு பின்னறை இருக்கிறது. வெளியே பார்க்க அதற்கு யன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு, கதவில் கையகலக் கண்ணாடி. சுவர் முழுக்கச் சாமான்கள் அடுக்கிய இறாக்கைகள், ஒரு நீண்ட கழுவுதொட்டி, ஒரு தள்ளுவண்டி, ஒரு கதிரை. எட்டு வருடமாகத் துஷாந்தினி அந்தக் கதிரையில் இருந்துதான் மத்தியானச் சோற்றுப் பெட்டியைத் திறக்கிறாள்.

பரிசோதனைகளுக்கு ஆயத்தம் செய்வது அவளுடைய வேலை. ஆசிரியர்கள் தங்களுக்கு வேண்டியதை முதல் நாளே ஒரு துண்டில் எழுதிப் போட்டுவிடுவார்கள். பதினான்கு முகவை, பதினான்கு வெப்பமானி, ஒரு வாளி பனிக்கட்டி. அவள் எல்லாவற்றையும் தட்டுகளில் அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, மணி அடிக்க முன்னர் மேசைகளில் வைத்துவிட்டு வர வேண்டும். வகுப்பு முடிந்ததும் எடுத்துக் கழுவ வேண்டும். இடையில் உள்ளே நிற்கத் தேவையில்லை. ஏதாவது உடைந்தால் கூப்பிடுவார்கள்.

திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஒன்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவள் அவள். முப்பத்திரண்டு வயதில், அகதியாக வந்து வதிவிடப் பத்திரம் எடுத்திருந்த வசீகரனைக் கலியாணம் செய்து மொன்றியலுக்கு வந்தாள். வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பு, பிறகு பிள்ளை, பிறகு கார்தெரி என்னும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. மகள் தக்ஷினி முழுநாள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்தான், இங்கேயும் படிப்பிக்கலாமா என்று தன் சான்றிதழ்களை வெளியே எடுத்தாள். பட்டம் செல்லும் என்று பதில் வந்தது. இன்னும் ஐந்து பாடங்கள் படிக்கச் சொன்னார்கள், மாலை வகுப்புகளுக்குப் போய் அதையும் முடித்தாள். மிஞ்சியது பிரெஞ்சு எழுத்துத் தேர்வு ஒன்றுதான். அதில் இரண்டு பகுதி. சரியான விடையைத் தெரிவு செய்யும் இலக்கணப் பகுதியை முதல் முறையே தாண்டிவிட்டாள். கட்டுரைப் பகுதியில் மூன்று முறை விழுந்தாள்.

தமிழில் மேசைக்கும் சுவருக்கும் பால் வேறுபாடு இல்லை. பிரெஞ்சில் மேசை பெண், சுவர் ஆண். பேசும்போது அதை வாய்க்குள் விழுங்கிவிடலாம், எழுதும்போது ஒளிக்க இடமில்லை. மூன்றாம் முறை முடிவு வந்த பிறகு அவள் நாலாம் முறைக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஆய்வுகூட வேலை நிரந்தரமானது, குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்புறுதியோடு வந்தது, வீட்டிலிருந்து நடை தூரம். குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் யாராவது ஒன்றைத் தவறாக விளக்கும்போது மட்டும் தண்ணீர்க் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிடுவாள்.

ஒரு நவம்பர் மாதம், நான்காம் ஆண்டு வகுப்பின் மேசைகளைத் துடைக்கும்போது யாரோ விட்டுப்போன விடைத்தாள் ஒன்று கிடந்தது. தண்ணீரை மின்சூடாக்கியால் சூடாக்கும் பரிசோதனை. கொடுத்த சக்தி இவ்வளவு, தண்ணீருக்குக் கிடைத்தது இவ்வளவு, மீதிக்கு என்ன நடந்தது என்பது கேள்வி. "மீதிச் சக்தி தீர்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தது. கையெழுத்தைப் பார்த்தாள். அதே பாடசாலையில் படிக்கும் தக்ஷினியுடையது.

அன்று பின்னேரம் அடுப்படியில் மகள் சீரியலுக்குப் பால் ஊற்றிக்கொண்டு நின்றபோது தாளை அவளுக்கு முன்னால் வைத்தாள்.

"சக்தி முடிஞ்சு போச்சு எண்டு எழுதியிருக்கிறாய். எப்பிடிப் பிள்ளை முடியும்?"

"ஹீட்டருக்குக் கரண்ட் போச்சு, தண்ணி கொஞ்சம் சூடாச்சு. மிச்சம் முடிஞ்சுது. என்ன இப்ப?"

"போன வருசம் சோளப் பொரியைக் கொளுத்தித் தண்ணி சூடாக்கினனீங்கள். அப்ப மிச்சம் எங்க போனது எண்டு எழுதினனி?"

"காத்துக்கு."

"அப்ப இதில?"

தக்ஷினி கரண்டியை வாயில் வைத்தபடி தாயைப் பார்த்தாள். "அம்மா, அது சாப்பாடு, மனுச உடம்பு. மூண்டாம் ஆண்டுப் பாடம். இது கரண்ட். வேற வேற."

அவள் எதிர்த்துக் கதைக்கவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். துஷாந்தினிக்கு அதுதான் உறுத்தியது. அந்தச் சோளப் பொரித் தட்டுகளையும் அடுக்கியவள் அவள்தான். நிலக்கடலைதான் நன்றாக எரியும். ஒவ்வாமைக்குப் பயந்து பாடசாலைக்குள் கடலையே கொண்டுவரக் கூடாது என்பதால் பொரிக்கு மாறியிருந்தார்கள். முதலாம் ஆண்டில் பனிக்கட்டியை உருக்கும்போது அதற்கு வெப்பம் என்று பெயர். இரண்டாம் ஆண்டில் நீர்ச்செடியை வெளிச்சத்தில் வைத்துக் குமிழிகளை எண்ணும்போது அதற்கு ஒளி என்று பெயர். மூன்றாம் ஆண்டில் கலோரி, நான்காம் ஆண்டில் மின்சாரம், ஐந்தாம் ஆண்டில் சரிவுப் பலகையில் உருளும் வண்டிக்கு இயக்கப்பாட்டுச் சக்தி. ஒன்றையே ஐந்து வருடம் ஐந்து பெயரில் படித்துவிட்டு, பிள்ளைகள் ஐந்து சாமான்களை வைத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். ஆசிரியர்களையும் பிழை சொல்ல முடியாது, ஒவ்வொருவரும் தங்கள் ஆண்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஐந்து ஆண்டுகளின் தட்டுகளையும் கழுவுகிறவள் அந்தப் பாடசாலையில் அவள் ஒருத்திதான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு கொப்பியை எடுத்தாள். எட்டு வருடத் துண்டுகள் அவளிடம் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றிலிருந்து சக்தியோடு சம்பந்தப்பட்ட பரிசோதனைகளை மட்டும் பொறுக்கினாள். இருபத்திரண்டு வந்தது. அவற்றை ஆண்டு வாரியாக ஒழுங்குபடுத்தினாள். எந்தப் பரிசோதனையையும் மாற்றவில்லை, புதிதாக ஒரு சாமானும் வாங்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே இரண்டு கேள்விகளை மட்டும் சேர்த்தாள். எங்கேயிருந்து வந்தது? எங்கே போனது? பதிலை அம்புக்குறியாகக் கீற வேண்டும். நிறையப் போனால் தடித்த அம்பு, கொஞ்சம் போனால் மெல்லிய அம்பு. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் அதே கேள்வி, அதே அம்பு. கணக்கு மட்டும் வருடத்துக்கு வருடம் கூடும்.

ஐந்து கிழமை எடுத்தது. பிரெஞ்சைத் தக்ஷினி திருத்தினாள்.

"வெப்பம் பெண்பால் அம்மா. எத்தினை தரம் சொல்லுறது?"

"அது ஏன் பெண்பால்?"

"ஏனெண்டு கேக்கக் கூடாது. அது அப்பிடித்தான்."

விஞ்ஞானப் பிரிவுக்குப் பொறுப்பானவள் கத்தரின். நாற்பது வயதுகூட இராது, நல்ல மனுசி. துஷாந்தினி என்று முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொல்லப் பழகிக்கொண்ட ஒரே ஆள். பின்னறையில் நின்றபடியே கொப்பியின் பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தாள்.

"இதை யார் செய்தது?"

"நான்."

"நீங்கள் தனியாகவா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட விதம் சரியில்லை என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். "இது எங்களுக்குத் தேவையான ஒன்று. அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்" என்றாள்.

கூட்டம் டிசம்பரில், பக்கத்து ஆய்வுகூடத்திலேயே நடந்தது. பாடத்திட்டக் கூட்டம் ஆசிரியர்களுக்கு மட்டும். துஷாந்தினி மாதிரிக்காக மூன்று தட்டுகளை அடுக்கி மேசையில் வைத்துவிட்டுப் பின்னறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கதவு மெல்லியது, எல்லாம் கேட்டது.

"நாங்கள் யோசித்தது என்னவென்றால்" என்று கத்தரின் தொடங்கினாள்.

துஷாந்தினி கழுவிக்கொண்டிருந்த பரிசோதனைக் குழாயைக் கீழே வைத்தாள். நாங்கள்.

நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்குப் படிப்பிக்கும் அல்பேட் குறுக்கிட்டார். முப்பது வருட அனுபவம் உள்ளவர். "யோசனை நல்லதுதான். ஆனால் எனக்கு ஜூனில் அமைச்சின் பரீட்சை இருக்கிறது. அம்பு கீறினால் புள்ளி போடுவார்களா? செடியின் சக்தியும் சூடாக்கியின் சக்தியும் ஒன்றென்று சொல்லப் போனால், பிள்ளை செடிக்கு எத்தனை வோல்ற் என்று கேட்கும். அதற்கு யாரிடம் நேரம் இருக்கிறது?"

சிலர் சிரித்தார்கள். கத்தரின் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டிய பதில் துஷாந்தினிக்குத் தெரியும். அந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். ஈரக் கையுறையோடு கதவுப் பிடியில் கையை வைத்தாள். வாக்கியத்தை மனதுக்குள் பிரெஞ்சில் கட்டினாள். கேள்வி பெண்பால். பிள்ளை ஆண்பால். வினையை எந்தக் காலத்தில் போடுவது? ஒருமுறை சரிபார்த்து, இன்னொருமுறை சரிபார்த்து முடிக்கும்போது உள்ளே அவர்கள் பனிக்காலச் சுற்றுலாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். பிடியிலிருந்து கையை எடுத்தாள். பிடி முழுக்கச் சவர்க்கார நுரை.

ஜனவரியில் இரண்டாம் ஆண்டு விஞ்ஞான ஆசிரியை நோய் விடுப்பில் போனார். பதிலுக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. முதல் ஆள் நாலு நாள் நின்றார், அடுத்தவர் ஒன்றரை நாள். பிறகு கூப்பிட ஆளில்லை. ஒரு காலையில் அதிபர் பின்னறைக்கே வந்தார். எட்டு வருடத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ஆசிரியர் அனுமதிப் பத்திரம் இல்லாதவர்களுக்கும் ஆள் தட்டுப்பாட்டுக் காலத்தில் விதிவிலக்குக் கடிதம் எடுக்கலாம், ஈஸ்டர் வரை வகுப்பைப் பொறுப்பெடுக்க முடியுமா என்று கேட்டார்.

"ஆய்வுகூட வேலை?"

"அதற்கும் ஆள் தேடுகிறோம்" என்றார்.

ஆள் வரவில்லை. பதினொரு கிழமை அவள் காலை ஆறரைக்கு வந்து எல்லோருடைய தட்டுகளையும் அடுக்கினாள், எட்டேகாலுக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனாள், மூன்றரைக்குத் திரும்பி வந்து கழுவினாள்.

முதல் நாளே சறுக்கினாள். தண்ணீர் கொதிக்கிறது என்பதற்குப் பிரெஞ்சில் உள்ள வினை ஒழுங்கில்லாதது. அதை ஒழுங்கான வினைபோல மாற்றிச் சொல்லிவிட்டாள், மழலை பேசும் பிள்ளை சொல்வது போல. இருபத்தெட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் இருந்த ஒருத்தி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். துஷாந்தினி வெண்கட்டியை எடுத்துத் தான் சொன்ன சொல்லைப் பலகையில் எழுதினாள்.

"இது பிழை என்று விளங்குகிறது. சரி எது?"

சிரிப்பு நின்றது. யாரோ சரியான சொல்லைச் சொன்னார்கள். பக்கத்தில் அதையும் எழுதினாள். "நன்றி. நான் பிழைவிட்டால் கையை உயர்த்திச் சொல்லுங்கள். விஞ்ஞானத்தில் நீங்கள் பிழைவிட்டால் நான் சொல்லுவேன்." அந்த ஒப்பந்தம் கடைசி வரை நின்றது. சில நாட்களில் பாடத்தைவிடத் திருத்தம் அதிகமாக இருந்தது. அப்படியான நாட்களில் வீட்டுக்குப் போய் யாரோடும் பேசாமல் வெங்காயம் வெட்டுவாள்.

அந்த வகுப்பறையில் சூடு தாங்காது. வெப்பக் குழாய்களைக் குறைக்க வழியில்லாததால், வெளியே சுழியத்துக்குக் கீழே பதினெட்டு நிற்கும்போதும் யன்னலைத் திறந்துவைத்துத்தான் படித்தார்கள். இரண்டாம் கிழமை அவள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு யன்னலைக் காட்டினாள்.

"இந்தச் சூடு எங்கே போகிறது?"

"தெருவுக்கு."

"எங்கேயிருந்து வந்தது?"

குழாயிலிருந்து. குழாய்க்கு எங்கேயிருந்து? தெரியாது. இரண்டு பேரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினாள். பராமரிப்பாளரிடம் கேட்டுவிட்டு ஓடி வந்து, எரிவாயுக் கொதிகலன் என்றார்கள். வாயு எங்கேயிருந்து? நிலத்துக்குள் இருந்து. நிலத்துக்குள் எப்படி வந்தது? அதற்கு மூன்று நாள் எடுத்தது. சுவரில் ஒட்டிய பழுப்புக் கடதாசிச் சுருளில் அம்புகள் பின்னோக்கி நீண்டு, பழங்காலக் கடலின் நுண்ணுயிர்களுக்குப் போய், அங்கிருந்து சூரியனில் முடிந்தன. அப்போது ஒரு பிள்ளை, "இது நாங்கள் ஒக்டோபரில் குமிழி எண்ணிய செடி செய்த வேலைதானே?" என்று கேட்டாள். வகுப்பு சற்று நேரம் சத்தமில்லாமல் இருந்தது. துஷாந்தினி யன்னலடியில் போய் நின்றுகொண்டாள். குளிர் காற்று முகத்தில் அடித்தது. பதினேழு வருடத்துக்குப் பிறகு ஒரு வகுப்பில் அவளுக்கு அந்த மௌனம் கிடைத்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது வசீகரன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நகரின் மறுகோடியில் உள்ள லாசாலில் உறைந்த உணவுக் களஞ்சியம் ஒன்றில், கழித்தல் இருபத்தைந்து பாகையில், பெட்டி ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு.

"எங்கட இடத்தில அதின்ர மறுபக்கம்" என்றான். "உள்ள விறைக்கும். கட்டடத்துக்குப் பின்னால பெரிய விசிறி இருக்கு, அதால சுடுகாத்து வரும். பிரேக்குக்கு எல்லாரும் அங்கதான் நிப்பம். உள்ளுக்க இருந்த சூட்டைத்தானே வெளியில தள்ளுது?"

"ஓம்" என்றாள் அவள். "நீங்கள் ஏன் இதை எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

மறுநாள் அந்த விசிறியும் கடதாசிச் சுருளில் ஏறியது.

மார்ச் மாதத்தில் களஞ்சியத்துக்குள் பனி படிந்த தரையில் வசீகரன் வழுக்கி விழுந்தான். இடது தோள்மூட்டு கிழிந்துவிட்டது. நஷ்டஈட்டு விண்ணப்பம், ஸ்கான், இயன்மருத்துவம் என்று நாட்கள் போயின. பாரம் தூக்கும் வேலைக்கு இனித் திரும்பலாமா என்பதை வைத்தியர் உறுதியாகச் சொல்லவில்லை. அவன் பகல் முழுவதும் சோபாவில் இருந்து, தொலைக்காட்சியை ஒலியில்லாமல் பார்த்தான்.

ஈஸ்டர் முடிய, விடுப்பில் போன ஆசிரியை திரும்பி வந்தார். துஷாந்தினி பின்னறைக்குத் திரும்பினாள். அடுத்த கிழமை அதிபர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். செப்டெம்பரிலிருந்து முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்கு ஓர் இடம் காலியாகிறது, முழு வகுப்பையும் அவளுக்கே தரலாம் என்றார். ஆனால் விதிவிலக்குக் கடிதம் ஒரு வருடத்துக்குத்தான். அதற்குள் எழுத்துத் தேர்வு முடிந்திருக்க வேண்டும். ஆய்வுகூடப் பதவியை அத்தனை காலம் காலியாக வைத்திருக்க முடியாது, விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மே பதினைந்துக்குள் பதில் வேண்டும்.

அன்று அவள் வீட்டில் சொன்னாள்.

"பேந்து சோதினை சரிவராட்டி?" என்று வசீகரன் கேட்டான்.

"ரெண்டும் இல்லை. வகுப்பும் இல்லை, இந்த வேலையும் இல்லை. காப்புறுதியும் போயிடும்."

அவன் கொஞ்ச நேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்தான். "நீர் எடும் துஷா. நான் ஏதும் பாப்பன்" என்று சொல்லிக்கொண்டே எழும்பி, தேத்தண்ணிக்குக் கேத்திலை எடுத்தான். இடது கை பாதிவழியில் நின்றது. வலது கைக்கு மாற்றி, ஒன்றும் நடக்காதவன் போல நிரப்பினான்.

வேண்டாம் என்று அவன் தடுத்திருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள். சண்டை பிடித்து, அந்தக் கோபத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பாள். அவன் எடு என்றான். அதனால் எடுக்க முடியவில்லை. மே பதினான்காம் திகதி அதிபருக்கு மூன்று வரி எழுதி அனுப்பினாள். அந்த மூன்று வரியிலும் ஒரு பிழைகூட இல்லை என்று தக்ஷினி சொன்னாள்.

அதே கிழமை இன்னொன்று நடந்தது. கத்தரின் அந்தக் கொப்பியில் இருந்த சக்தித் திட்டத்தை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப முயன்றாள். ஆக்கியோன் என்ற இடத்தில் துஷாந்தினியின் பெயரைப் போட்டதும், கணினி அவளுடைய பதவியைக் கேட்டது. தெரிவு செய்ய மூன்றுதான் இருந்தன: ஆசிரியர், ஆலோசகர், அதிபர். கத்தரின் மடிக்கணினியோடு பின்னறைக்கு வந்து காட்டினாள்.

"உங்களை எதற்குள் போடுவது என்று தெரியவில்லை."

"போன முறையைப் போல நாங்கள் என்று போடுங்கள்" என்றாள் துஷாந்தினி.

யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாலும் காலமும் பார்க்காமல் வந்த முதல் பிரெஞ்சு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். கத்தரின் முகம் சிவந்தது. கணினியை மூடினாள். "டிசம்பரில் கதவு திறந்திருந்ததா?" என்று கேட்டாள்.

"இல்லை. சாத்தித்தான் இருந்தது."

கத்தரின் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, "நீங்கள் இங்கேயே இருந்தால் நான் இன்னும் பத்து வருடத்துக்கும் நாங்கள் என்றுதான் சொல்லுவேன். எனக்கு அது வசதி. தேர்வுக்குப் பெயர் கொடுத்தீர்களா?" என்றாள்.

கொடுத்திருக்கவில்லை. ஜூன் முதல் கிழமைத் தேர்வுக்கு அன்றே கொடுத்தாள். கட்டுரைத் தலைப்பு, மாணவர்களின் வீட்டுவேலை தேவையா தேவையில்லையா என்பது. என்ன எழுதுவதென்று அதிகம் யோசிக்கவில்லை, ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் நின்று யோசித்தாள். கடைசி இருபது நிமிடத்தை முழுக்கப் பால் பார்ப்பதற்கே வைத்திருந்தாள்.

முடிவு ஜூலை நடுப்பகுதியில் மின்னஞ்சலில் வந்தது. தேறியிருந்தாள்.

அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வசீகரனை இயன்மருத்துவத்துக்குக் கூட்டிப் போனாள், கடைக்குப் போனாள், கறிக்கு உப்பை அதிகமாகப் போட்டாள். இத்தனை வருடமும் தன்னை அடைத்து வைத்திருந்தது அந்தத் தேர்வு என்றுதான் நினைத்திருந்தாள். அது விலகிய பிறகுதான் தன் பயம் தெரிந்தது. பதினொரு கிழமை வேறு. வருடம் முழுவதும் நூற்றிருபது பிள்ளைகள், பெற்றோர் கூட்டம், தகுதிகாண் காலத்தில் பின்வரிசையில் வந்து குந்தி மதிப்பிடும் அதிகாரி. இனி விழுந்தால் பிரெஞ்சில் பழி போட முடியாது. பின்னறையில் இருக்கும் வரை, விட்டிருந்தால் நான் எப்படிப் படிப்பித்திருப்பேன் தெரியுமா என்று நினைத்துக்கொண்டே காலம் தள்ளலாம்.

ஒன்பதாம் நாள் தக்ஷினி தாயின் போனில் படம் தேடும்போது அந்த மின்னஞ்சலைக் கண்டுவிட்டாள்.

"அம்மா! நீங்கள் பாஸ்! எப்ப வந்தது இது?"

வசீகரன் சோபாவிலிருந்து திரும்பிப் பார்த்தான். "ஒன்பது நாளாவே?" என்றான். கோபமில்லை, அவனுக்கு விளங்கவில்லை. "ஏன் சொல்லேல்லை?"

துஷாந்தினி கதிரையில் இருந்தாள். "சொன்னா நான் போகோணும்" என்றாள்.

தக்ஷினி போனை மேசையில் வைத்துவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். வசீகரன்தான் கடைசியில், "என்ர தோளுக்காகத்தான் மேயில வேண்டாம் எண்டனீர் எண்டு நான் நினைச்சிருந்தன்" என்றான்.

"அதுக்காகவும்தான்."

"மிச்சம்?"

அவள் எழும்பிக் கேத்திலில் தண்ணீர் நிரப்பினாள். அவன் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கிழமை அவனே தன் வேலையிடத்துக்குப் போன் எடுத்து, அலுவலகத்தில் இலகுவான வேலை ஏதும் உண்டா என்று கேட்டான். செப்டெம்பரிலிருந்து பொதி ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலை தரலாம் என்றார்கள். குளிருக்குள் போகத் தேவையில்லை, ஆனால் நாள் முழுவதும் கணினிக்கு முன்னால். அவனுக்கு அது பிடிக்காது. ஒத்துக்கொண்டான்.

வில்லரேயில் அவளுக்கென்று இருந்த இடத்தை ஜூனிலேயே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அனுமதிப் பத்திரத்தோடு விண்ணப்பித்தபோது லாசாலில் ஒரு பாடசாலையில் இடம் வந்தது. முதலாம் ஆண்டுக்கு நான்கு வகுப்பு. ஐந்து ஆண்டுகளையும் ஒன்றாகப் பார்த்த அந்த ஒரே அறையை விட்டு, ஒரே ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். திட்டம் வில்லரேயிலேயே இருக்கும். கத்தரின் அதைத் துஷாந்தினியின் பெயரோடு அச்சடித்துப் பிரிவில் எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். மூன்று பேர் எடுத்துச் செய்வதாகச் சொன்னார்கள். அல்பேட் தன் பிரதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் அவள் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அழாமல் இறாக்கைகளுக்குப் புதிதாகப் பெயர் ஒட்டினாள். அடுத்து வருகிறவருக்கு எது எங்கே என்று தெரிய வேண்டும்.

இப்போது அவள் தினமும் மெட்ரோவில் ஆங்கிரிஞோன் நிலையம் வரை போய், அங்கிருந்து பஸ் எடுக்கிறாள். லாசால் வகுப்பறையில் நல்ல பெரிய யன்னல்கள் உண்டு, பாதுகாப்புக்காகத் திறக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். முதல் மாதம் தொண்டை கட்டிப்போனது. ஒரு வகுப்பு அவளை அழவைக்கும் அளவுக்குப் போனது, கழிப்பறைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்து மிச்சப் பாடத்தை நடத்தினாள். சக்தியைப் பற்றி ஐந்து ஆண்டும் சேர்த்து யோசிப்போம் என்று அங்குள்ள பிரிவுத் தலைவரிடம் சொன்னபோது, முதல் வருடம்தானே, முதலில் உங்கள் வகுப்பைச் சமாளியுங்கள் என்று சிரித்தார். அவர் சொன்னதில் பிழையில்லை. மதிப்பிடும் அதிகாரி மார்ச் மாதம் வருவாராம்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் நூற்றிநான்கு விடைத்தாள்கள் இருந்தன. பனிக்கட்டி உருகிய பரிசோதனை. பனிக்கட்டி குளிரை வெளியே விட்டது என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். வசீகரன் தோள் பயிற்சிக்கான ரப்பர் பட்டியைக் கதவுப் பிடியில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். துஷாந்தினி சிவப்புப் பேனையை வைத்துவிட்டு, பென்சிலை எடுத்தாள். முதல் தாளின் ஓரத்தில், பிள்ளை கீறியிருந்த அம்புக்குப் பக்கத்தில், இது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று எழுதினாள். பிறகு இரண்டாவது தாளை எடுத்தாள்.